குதிரை வாரிக்கு வைத்த பெயர்: மேற்கு யூலாந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் மகளும் எங்கள் வீடு இருக்கும் இக்காஸ்டிலிருந்து மேற்கே, ஹெர்னிங் தாண்டி, கடற்கரைப் பக்கமாக உள்ள ஒரு சின்ன ஊரின் பழைய அறுவடை நாளைப் பார்க்கப் போனோம். குதிரை பூட்டி உழுவது, குதிரை பூட்டிப் புல் வெட்டுவது, குதிரையைச் சுற்றி நடக்கவிட்டுச் சூடடிக்கும் இயந்திரத்தை ஓட்டுவது என்று எல்லாவற்றையும் செய்து காட்டுவார்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்த வலைப்பதிவில் இதுவரை எழுதிய பயணங்களில் பேருந்து இலக்கம், கழிப்பறை இருக்கும் இடம் வரைக்கும் கொடுத்திருக்கிறேன். இந்த முறை ஏன் கொடுக்கவில்லை என்பது வாசிக்க வாசிக்க விளங்கும். இப்படியான அறுவடை நாட்கள் டென்மார்க்கில் பல ஊர்களில் நடக்கின்றன. போக விரும்புகிறவர்களுக்கு வேண்டிய தகவல்களைக் கடைசியில் சொல்கிறேன்.

போகவேண்டும் என்று நின்றது மகள் அபிரா. அவள் ஒடென்சேயில் தாதியாக வேலை செய்கிறாள். அவளுடைய அப்பா, என் கணவர் ஜெயரட்ணம், அந்தக் கோடையில்தான் தளபாடத் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மணிக்கூடு, சட்டை என்று எதையாவது வாங்கிக் கொடுப்பதைவிட, அப்பா டென்மார்க்கில் முதன்முதல் வேலை செய்த இடத்துக்கு அவரைக் கூட்டிப் போவதுதான் சரியான பரிசு என்று அவள் நினைத்தாள்.

அந்த முதல் வேலையைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. இவர் அகதியாக வந்து மேற்கு யூலாந்தில் ஒரு முகாமில் இருந்த வருடம், பக்கத்து ஊரில் நடந்த அறுவடை விழாவில் குதிரை வாரியில் வேலை செய்தார் என்பதுதான் கதை. குதிரை வாரி என்பது காய்ந்த புல்லை வாரிச் சேர்க்கும் கருவி. இரண்டு பெரிய இரும்புச் சில்லு, பின்னால் வரிசையாக வளைந்த உருக்குப் பற்கள், நடுவில் ஓட்டுகிறவர் இருக்க ஓட்டை போட்ட ஓர் இரும்பு இருக்கை. அபிரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாடசாலையில் 'என் அப்பா' என்று படம் கீறச் சொன்னார்கள். அவள் கீறியது குதிரையும் வாரியும், இருக்கையில் தொப்பி போட்ட அப்பாவும்தான். எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். இவர் ஊரில் தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவர். மாட்டு வண்டிலில்கூடப் பழக்கமில்லாத ஆள். அப்படிப்பட்டவர் குதிரை ஓட்டினார் என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அபிரா கேட்டபோது இவர் உடனே மறுத்தார்.

"அங்கை என்ன கிடக்கு பாக்க. பழைய இரும்பு. மழை வேறை பெய்யும்."

"மழை பெய்தால் குடை பிடிப்பம்," என்றேன் நான்.

"உமக்கு விருப்பமெண்டால் பிள்ளையோடை போயிட்டு வாருமன். நான் வீட்டை நிக்கிறன்."

ஆனால் அபிரா காலையிலேயே ஒடென்சேயிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பிள்ளை அவ்வளவு தூரம் வந்த பிறகு இவரால் மறுக்க முடியவில்லை. பேசாமல் போய்ச் சப்பாத்தைப் போட்டார். நான் மீன் பணிசும் கட்லட்டும் கட்டி எடுத்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து அந்த ஊருக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். காரில் ஐம்பது நிமிடம் எடுத்தது. ஹெர்னிங் கழிந்ததும் நிலம் தட்டையாகிவிடும். உருளைக்கிழங்கு, சோளம், காற்றாடி, மறுபடியும் உருளைக்கிழங்கு. வழி முழுக்க இவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் பெரிய செங்கல் கட்டடம் ஒன்றைக் கடந்தோம். இப்போது கார் திருத்தும் இடமாக இருக்கிறது. "அதுதான் முகாம்," என்று மட்டும் சொன்னார். அபிரா காரை மெதுவாக்கி நிறுத்தட்டுமா என்று டேனிஷில் கேட்டாள். "போ, போ," என்றார்.

வாகனம் நிறுத்துவதற்கு வயலொன்றை ஒதுக்கியிருந்தார்கள். அதற்குக் காசில்லை. நுழைவு பெரியவர்களுக்கு அறுபது குரோனர், பிள்ளைகளுக்கு இலவசம். வாசலில் நின்ற பெண்மணி எங்களைப் பார்த்து, நீங்கள் நிச்சயம் நெடுந்தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள் என்றாள். இக்காஸ்டிலிருந்து என்றேன். அவளுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

இனிப் பார்த்ததைச் சொல்கிறேன். அன்று முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதை மறைக்கக்கூடாது.

நீண்ட கொட்டில் ஒன்றில் கருவிகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பலகை. அந்தப் பலகையில் புத்தகத்தில் உள்ள பெயரைப் பெரிதாக எழுதுவதில்லை, இந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் சொன்ன பெயரைத்தான் பெரிதாக எழுதுவோம் என்று சங்கத்து ஆள் ஒருவர் விளக்கினார். மண்கட்டி உடைக்கும் ஒரு கருவிக்கு 'சுவீடன்காரப் பல்லு' என்ற அர்த்தத்தில் ஒரு பெயர். கதிரை வெட்டித் தானே கட்டாகக் கட்டிப் போடும் இயந்திரத்துக்கு 'தானே கட்டி'. உருளைக்கிழங்கு கிளப்பும் ஒன்று பயங்கரமாகச் சத்தம் போடுமாம், அதற்கு 'மாமியார்' என்று பெயர். நான் சிரித்தேன். இரண்டு கிழவர்கள் ஒரு களை எடுக்கும் கருவிக்கு முன்னால் நின்று, அதை எங்கள் பக்கம் இப்படிச் சொல்வோம், உங்கள் பக்கம் சொல்வது பிழை என்று வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருடைய ஊருக்கும் நடுவில் ஓர் ஆறுதான், பத்துக் கிலோமீட்டர்கூட வராது என்று அபிரா மொழிபெயர்த்தாள். அவர்களுடைய மேற்கு யூலாந்துப் பேச்சு எனக்கு இத்தனை வருடமாகியும் பாதிதான் பிடிபடும்.

வெளியே வயலில் யூலாந்துக் குதிரைகள். செம்பழுப்பு நிறம், கால் மயிர் குளம்பை மூடிக்கொண்டிருக்கும், கழுத்து என் இடுப்பைவிடப் பருமன். இரண்டு குதிரையைச் சேர்த்துப் பூட்டி உழுது காட்டினார்கள். குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவில் தொங்கும் குறுக்குக்கட்டைக்கு 'ஹம்மெல்' என்று பெயர். அது ஆடி ஆடி இரண்டு குதிரையின் இழுவையையும் சமப்படுத்துகிறது. குதிரை ஒன்று சோம்பேறியாக இருந்தால் ஹம்மெல் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் உழுதவர். அபிரா நிறையப் படம் எடுத்தாள். இவரைக் குதிரைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். இவர் தள்ளித்தான் நின்றார்.

"வாரியைக் காணேல்லை," என்றாள் அபிரா, கொட்டிலை இரண்டாம் தரம் சுற்றி வந்த பிறகு. அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

"வித்திருப்பாங்கள். வா, கோப்பி குடிப்பம்," என்றார் இவர்.

கோப்பியும் ஒரு துண்டு கேக்கும் முப்பத்தைந்து குரோனர். கூடாரத்துக்குள் நாங்கள் இருந்தபோதுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், எல்லோரும் புல்வெளிக்கு வாருங்கள், இப்போது தமிலென் வருகிறது என்று. டேனிஷ் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்: தமிலென் என்றால் 'அந்தத் தமிழன்'.

நான் பிழையாகக் கேட்டேன் என்றே நினைத்தேன். அபிராவும் நிமிர்ந்து பார்த்தாள். இவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே போனால், சிவப்புச் சில்லுப் போட்ட குதிரை வாரி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து புல்வெளியின் நடுவில் விட்டிருந்தார்கள். நூறு, நூற்றைம்பது பேர் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள். ஒலிவாங்கியோடு நின்றவர் யென்ஸ் என்ற விவசாயி, அறுபது வயதிருக்கும், நல்ல சிரித்த முகம். அவர் சொன்னார், இந்த வாரிக்கு இந்த ஊரில் யாரும் வாரி என்று சொல்வதில்லை, தமிலென் என்றுதான் சொல்வோம், முகாமிலிருந்து வந்து ஒரு கோடையில் இதில் வேலை செய்த இரண்டு தமிழர்களின் நினைவாக.

அபிராவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. ஒரு கருவிக்கே அப்பாவின் நினைவாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அவள் விளங்கிக்கொண்டாள். கையைத் தூக்கிச் சத்தமாக, அது என் அப்பா, அவர் இங்கேதான் நிற்கிறார் என்று டேனிஷில் சொன்னாள்.

"பிள்ளை, சும்மா இரு," என்றார் இவர். ஆனால் சனம் திரும்பிப் பார்த்துவிட்டது. யென்ஸ் ஓடி வந்து இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கி, கயிற்றைத் தூக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு உண்மையான சந்தோஷம். இத்தனை வருடமாகச் சொல்லிவரும் கதையின் ஆள் கிடைத்துவிட்டாரே. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு யென்ஸ் கதையைச் சொன்னார். நான் விளங்கிக்கொண்டபடி எழுதுகிறேன்.

"அந்த வருடம் எங்கள் மூசெ, அருமையான குதிரை அவள், விழா நடுவில் நொண்டிப் போனாள். புல் வயலில் கிடக்கிறது. மழை இருட்டிக்கொண்டு வருகிறது. என் அப்பா இதோ இந்த இருக்கையில் இருக்கிறார். புல் ஏற்ற உதவிக்கு முகாமிலிருந்து இரண்டு தமிழர்களைக் கூட்டி வந்திருந்தோம். குதிரையை அவிழ்த்துவிடுங்கள் என்று அப்பா அவர்களிடம் சொன்னார். அவர்களுக்கு ஒரு சொல் டேனிஷ் தெரியாது. மூசெயை அவிழ்த்தார்கள். அவிழ்த்துவிட்டு என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே போய் அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டார்கள். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குதிரைக்குச் சொல்வதைப் போல ஹூப் என்றார். இழுத்துக்கொண்டு போனார்கள், வயலின் அந்தத் தலைப்பு வரைக்கும்."

சனம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பழகிய கதைக்குச் சிரிக்கும் சிரிப்பு. சிலர் கடைசி வரியை யென்ஸோடு சேர்ந்தே சொன்னார்கள். அதற்குள் பெரிய பையன்கள் இரண்டு இரண்டு பேராக வரிசையில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு சோடியும் வாரியின் முன்னால் குதிரை பூட்டும் இரண்டு தடிகளுக்கு நடுவில் நின்று இழுத்துக்கொண்டு ஓடவேண்டும், எந்தச் சோடி குறைந்த நேரத்தில் அந்தத் தலைப்பைத் தொடுகிறது என்று போட்டி. அதற்குப் பெயர் 'தமிழன் ஓட்டுவது'. வருடா வருடம் நடக்கிறது.

அபிரா என் கையைப் பிடித்தாள். அவளுடைய நகம் என் கையில் பட்டது.

யென்ஸ் இவருடைய தோளில் கை போட்டு ஒலிவாங்கியில் சொன்னார்: "இன்றைக்கு நியாயம் செய்வோம். இந்த முறை நீங்கள் இருக்கையில் இருங்கள். பையன்கள் இழுக்கட்டும்."

மறுபடியும் கைதட்டல். இவர் வாரியின் சில்லில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏறப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்பதற்காக எதையும் செய்துவிடுகிற ஆள். ஆனால் அவர் யென்ஸிடம் டேனிஷில் கேட்டார். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"குதிரையின் பெயர் மூசெ என்று சொன்னீர்கள். எங்கள் இரண்டு பேருக்கும் என்ன பெயர்?"

யென்ஸ் சிரித்தார். "அது அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் பெயர்கள் நீளம் அல்லவா."

இவர் இரண்டு பெயரையும் சொன்னார். தன்னுடையதையும், கூட இழுத்த நண்பருடையதையும். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, தொழிற்சாலையில் புதிய மேற்பார்வையாளர் வரும்போது சொல்வதைப் போலச் சொன்னார். யென்ஸ் ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லப் பார்த்தார், பாதியில் நாக்குப் பிசகி, மன்னிப்புக் கேட்பதைப் போலக் கையை விரித்தார். சனம் அதற்கும் கைதட்டியது. இவர் தலையை ஆட்டிவிட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து எங்களிடம் திரும்பி வந்தார்.

அதன் பிறகு போட்டி நடந்தது. நிறுத்துவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஏன் எதிர்பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் விளங்கவில்லை. நாங்கள் வாகனம் நிறுத்திய வயலுக்கு நடந்துகொண்டிருந்தபோது, பின்னால் சனம் கத்துவது கேட்டுக்கொண்டிருந்தது. தமிலென், தமிலென் என்று.

காருக்குக் கிட்டப் போனபோது யென்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஒலிவாங்கியை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாங்கள் ஏதோ மனவருத்தத்தோடு போகிறோம் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அந்த மனிதர் கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தப் பதிவு எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

இவர் பேசவில்லை. நான்தான் பேசினேன், என்னுடைய உடைந்த டேனிஷில்.

"அந்தப் பெயரை மாற்ற வேண்டும்," என்றேன்.

"அது அன்பான பெயர்," என்றார் யென்ஸ். "இங்கே சுவீடன்காரப் பல்லு இருக்கிறது. எந்தச் சுவீடன்காரரும் கோபித்ததில்லை."

"அதைச் சுவீடன்காரரைப் பூட்டி நீங்கள் இழுப்பிக்கவில்லை."

அவர் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நாங்கள் பெயர் வைப்பதில்லை. மக்கள் சொல்வதை எழுதுகிறோம். நான் பலகையைக் கழற்றலாம். வாயை எப்படிக் கழற்றுவது?" என்றார்.

அபிரா அப்போதுதான் வாய் திறந்தாள். அவளுடைய டேனிஷ் அவருடையதைவிடச் சுத்தமான டேனிஷ். "கதையையாவது சரியாகச் சொல்லுங்கள். என் அப்பாவுக்கு டேனிஷ் விளங்காது என்று சொன்னீர்கள். அது உண்மையா என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?"

யென்ஸ் இவரைப் பார்த்தார். இவர் காரின் கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் ஹெர்னிங் எல்லையை எட்டியிருந்தோம். மழை தொடங்கியிருந்தது. அபிரா முன்னால் பார்த்து ஓட்டிக்கொண்டே டேனிஷில் கேட்டாள், அப்பா, நீங்கள் குதிரை ஓட்டினதாக அல்லவா சொன்னீர்கள் என்று. அவளுடைய குரலில் கோபம் இருந்தது. அது அந்த ஊர் மேல் இருந்த கோபமா, அப்பா மேல் இருந்த கோபமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

இவர் தமிழில்தான் பதில் சொன்னார்.

"நான் ஓட்டினனெண்டு ஒருநாளும் சொல்லேல்லை. வாரியிலை வேலை செய்தனான் எண்டுதான் சொன்னனான். நீங்கள்தான் என்னைத் தூக்கி இருக்கையிலை இருத்தினீங்கள்."

சரிதான். யோசித்துப் பார்த்தேன். ஓட்டினேன் என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. ஓட்டினார் என்று மற்றவர்களுக்குச் சொன்னது நான். படம் கீறியது அபிரா. அந்தப் படம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எத்தனையோ வருடம் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்துதான் அவர் பால் எடுத்திருப்பார்.

"உங்களுக்கு அண்டைக்கு விளங்கினதோ?" என்று கேட்டேன்.

"ஏன் விளங்காது? முகாமிலை எட்டு மாசம் படிச்சனாங்கள். குதிரையை அவிழ்க்கச் சொன்னவர், அவிழ்த்தனாங்கள். பிறகு அந்த மனிசன் எங்களைப் பாத்து, 'நீங்கள் இழுப்பீங்களோ' எண்டு கேட்டவர். எல்லாச் சனமும் பாத்துக்கொண்டு நிண்டது. நான் ஓமெண்டன். மற்றவன் என்ரை முகத்தைப் பாத்தான். நான்தான் அவனைக் கையிலை பிடிச்சுக் கொண்டுபோனனான்."

"ஏனப்பா ஓமெண்டனீங்கள்?" என்றேன் நான்.

கண்ணாடித் துடைப்பான் போய்ப் போய் வந்தது.

"அந்த எட்டு மாசத்திலை எங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. சாப்பாடு தருவினம். படுக்கை தருவினம். குளிருக்குச் சட்டை தருவினம். உன்னாலை இதைச் செய்யேலுமோ எண்டு ஒரு மனிசர் கேக்கேல்லை. அவர்தான் முதல்முதல் கேட்டவர். எனக்குச் சந்தோசமாயிருந்தது. நாங்கள் சிரிச்சுக்கொண்டுதான் இழுத்தனாங்கள். கைதட்டிச்சினம். நல்லா வேலை செய்யிறம் எண்டுதான் தட்டுகினம் எண்டு நினைச்சன்."

எப்போது வேறு மாதிரி விளங்கியது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அதற்கடுத்த கிழமை பாண் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். கல்லாவில் நின்ற பெண் உள்ளே பார்த்து, இங்கே வா, குதிரை வந்திருக்கிறது என்று தன் கணவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அதன் பிறகு முகாமிலிருந்து வெளியே போகவில்லை. கொஞ்ச நாளில் இக்காஸ்டுக்கு மாற்றிவிட்டார்கள். எத்தனையோ வருடம் கழித்து, தொழிற்சாலையில் கூட வேலை செய்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை தமிழன் ஓட்டுவதைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா, உனக்குப் பிடிக்கும் என்று கூப்பிட்டிருக்கிறான். அப்போதுதான் பெயர் நிலைத்துவிட்டது என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற எனக்கு.

அபிரா பெற்றோல் நிலையமொன்றில் காரை நிறுத்தி, இறங்கி, மழையில் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தாள். கட்டி எடுத்த பணிசைப் பிரித்துக் கொடுத்தேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். பசித்தது, அதுதான் உண்மை.

இரண்டு கிழமை கழித்து, இவர் சொன்ன பெயரை வைத்து இலக்கத்தைத் தேடிப் பிடித்து, யென்ஸ் இவரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். சங்கத்தில் கதைத்தார்களாம். பலகையைக் கழற்றிவிட்டார்களாம். அடுத்த வருட அறிவித்தலில் அந்தப் பெயர் இருக்காதாம். போட்டி இருக்கும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும் என்றாராம். மக்கள் வாயில் என்ன வரும் என்பதற்குத் தான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார். இவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்று கேட்டுவிட்டு, கடைசியில், பரவாயில்லை, எனக்கு ஒன்றுமில்லை என்று டேனிஷில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"உங்களுக்கு ஒண்டுமில்லையோ?" என்றேன்.

"வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறீர்? அந்தாளும் பாவம். தேப்பன் சொன்ன கதையைத்தானே திருப்பிச் சொல்லுது."

எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. இத்தனை வருடமாக இந்த நாட்டில் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லித்தான் நாங்கள் நல்லவர்கள் என்ற பெயரை எடுத்திருக்கிறோம். தமிழர்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள், ஒன்றுக்கும் முறைப்பாடு செய்யாதவர்கள் என்று ஒடென்சேயிலும் கோல்டிங்கிலும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பு அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது நல்ல குதிரையைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள் என்று தோன்றுகிறது.

இனி, போக விரும்புகிறவர்களுக்கு. அறுவடை நாட்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் மாதத்து வார இறுதிகளில் நடக்கும். சின்ன ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து மிகக் குறைவு, சில இடங்களுக்கு இல்லவே இல்லை. ஆகவே காரில் போங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்து வையுங்கள். புல்வெளி ஈரமாக இருக்கும், நல்ல சப்பாத்துப் போடுங்கள். அங்கே பன்றி இறைச்சிப் பாணும் கேக்கும்தான் கிடைக்கும், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். ஒரு ஆளுக்கு நுழைவும் கோப்பியும் நூறு குரோனருக்குள் முடியும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் குதிரையின் பின்பக்கம் நிற்கவிடாதீர்கள். கருவிகளின் பெயர்களைக் கேளுங்கள், அவர்களுக்குச் சொல்ல விருப்பம். எங்கிருந்து அந்தப் பெயர் வந்தது என்றும் கேளுங்கள். அதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பாருங்கள். நான் இனி எந்த அறுவடை நாளுக்கும் போகமாட்டேன். அது என் சொந்த முடிவு, நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. குதிரைகள் அழகானவை.

இதை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது இவர் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். யோசித்துவிட்டு, "எழுதும். ஆனால் என்ரை பேரை முழுசாப் போடும்," என்றார். சின்னத்துரை ஜெயரட்ணம். வலப்பக்கத் தடியைப் பிடித்து இழுத்தவர் அவர்.

இடப்பக்கத்தில் இழுத்த நண்பர் இப்போது கோல்டிங்கில் இருக்கிறார். அவருக்கும் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, என்ரை பிள்ளையளுக்கு இது தெரியாது. அவையின்ரை பிள்ளையளும் இஞ்சைதான் வளருதுகள். என்ரை பேரைப் போடாதேங்கோ," என்றார். போடவில்லை.